இருபாதை மோட்டார் சைக்கிளின் உயரத்தைக் குறைத்தல்

கடமை நிமித்தம் கிராமங்களுக்கும் மலைப்பகுதிகளுக்கும் செல்லும் பணியாளர்களில் பலர், தார்ச்சாலைக்கும் கரட்டுப் பாதைக்கும் ஒருங்கே ஏற்ற மோட்டார் சைக்கிள்களை இன்று உபயோகித்து வருகின்றனர். கால்நடை மருத்துவ உதவியாளர், வனக் காவலர், நில அளவையாளர், தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்து செல்லும் சுகாதாரப் பணியாளர் முதலியோர்க்கு இவை பெரிதும் பயன்படுகின்றன. ஆங்கிலத்தில் ‘டூயல் ஸ்போர்ட்’ என வழங்கும் இவ்வகையை இக்கட்டுரையில் ‘இருபாதை வண்டி’ என்று குறிப்போம்.

இவ்வண்டிகளைப் பற்றி அடிக்கடி கூறப்படும் குறை, இருக்கை மிக உயரமாக உள்ளது என்பதேயாகும். நகரங்களில் ஓடும் சாதாரண 100 சி.சி. வண்டியின் இருக்கை தரையிலிருந்து ஏறக்குறைய 785 மி.மீ. உயரத்தில் இருக்கும். 2016-ல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் இது 800 மி.மீ.; 2019-ல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ல் 823 மி.மீ. இரண்டு விரல் அகலம்கூட இல்லாத இவ்வேறுபாட்டுக்கு இவ்வளவு புகாரா என்று உயரமானவர்கள் கேட்பதுண்டு. ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ள ஒருவர், ஒருபக்கம் சரிந்த மலைப்பாதையில் வண்டியை நிறுத்திச் சரிவின் பக்கம் காலை ஊன்ற முயலும்போதுதான் அந்த இரண்டு விரலின் மதிப்பு விளங்கும்.

இதனைக் கணக்கிட்டே காணலாம். வண்டியின் எடை 190 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 600 மி.மீ. உயரத்தில் உள்ளது, ஓட்டுபவர் அதனை 800 மி.மீ. உயரத்தில் இடுப்பாலும் தொடையாலும் தாங்குகிறார் எனக் கொள்வோம். வண்டி 10 பாகை சாய்ந்தால் தாங்க வேண்டிய விசை சுமார் 25 கிலோ. 20 பாகை சாய்ந்தால் சுமார் 49 கிலோ. நீண்ட கால்களை உடையவர் வண்டி மூன்று நான்கு பாகை சாய்வதற்குள் தரையை எட்டிவிடுகிறார். குட்டையானவரின் கால் தரையைத் தொடுவதற்குள் வண்டி வெகுவாகச் சாய்ந்துவிடுகிறது. அதன்பின் அதனை நிறுத்த அவர் உடலில் வலுவிருப்பதில்லை. மணிக்கட்டு முறிவும் கணுக்கால் சுளுக்கும் இவ்வாறு நின்ற நிலையில் விழுவதாலும் நேர்கின்றன. ஆகவே, வண்டியைத் தாழ்த்த வேண்டும் என்று பணியாளர் கேட்பது நியாயமான கோரிக்கையே. அரை மணி நேரத்தில் தாழ்த்திக் கொடுக்கப் பட்டறைகளும் ஆயத்தமாக உள்ளன. அந்த அரை மணி வேலையில் இருக்கையின் உயரத்தோடு வேறு எவையெல்லாம் மாறுகின்றன என்பதை இங்கே காண்போம்.

உயரம் வந்த வரலாறு

தொடக்கத்தில் கரட்டுப் பாதை வண்டிகள் இவ்வளவு உயரமாக இருந்ததில்லை. 1968-ல் யமாஹா நிறுவனம் வெளியிட்ட டி.டி.-1 என்னும் வண்டி இவ்வகையைப் பரவலாக்கிற்று. அக்காலத்தில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய தூரம் மிகக் குறைவு. 1970-களின் முற்பகுதியில் பெல்ஜிய நாட்டுப் பொறியியலாளர் லூசியன் டில்கென்ஸ் இரட்டை ஷாக் அப்சார்பர்களுக்குப் பதிலாக ஒற்றை ஷாக் அப்சார்பரை இருக்கைக்கு அடியில் பொருத்தும் முறையை அமைத்தார். யமாஹா அதனை ஏற்றுக்கொண்டது. 1973-ல் ஹாக்கன் ஆண்டர்சன் அவ்வகை வண்டியை ஓட்டி 250 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். அதன்பின் சக்கரத்தின் ஏற்றிறக்கத் தூரத்தை நீட்டுவதில் எல்லா நிறுவனங்களும் போட்டியிட்டன. சக்கரம் மேலே செல்வதற்கு இடம் வேண்டுமாதலால் வண்டியின் உடலும் இருக்கையும் அதற்கேற்ப உயர்ந்தன. முன்சொன்ன 2016-ஆம் ஆண்டு ஹிமாலயனில் முன்சக்கரத்துக்கு 200 மி.மீ., பின்சக்கரத்துக்கு 180 மி.மீ. ஏற்றிறக்கம் உண்டு. இத்தூரமே பள்ளத்தின் அதிர்ச்சி முதுகெலும்பை அடையாமல் காக்கிறது. சக்கரத்தைத் தரையோடு ஒட்டி வைத்திருப்பதும் இதுவே. உயரம் இதற்காக நாம் கொடுக்கும் விலை.

தாழ்த்துமுன் அளவெடுத்தல்

ஸ்பானரை எடுக்குமுன் அளவுநாடாவை எடுக்க வேண்டும். வண்டியைத் தூக்கிப் பின்சக்கரம் தொங்கும் நிலையில், அச்சிலிருந்து நேர்மேலே உடலில் ஒரு புள்ளிவரை அளந்து குறித்துக்கொள்க. பின்னர், வழக்கமாகச் சுமக்கும் பையுடனும் தலைக்கவசத்துடனும் ஓட்டுபவர் அமர்ந்த நிலையில் அதே புள்ளிவரை மீண்டும் அளக்க. இரண்டின் வேறுபாடே அமிழ்வு எனப்படும். மொத்த ஏற்றிறக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமிழ்வது நன்று, 180 மி.மீ. உள்ள வண்டியில் 60 மி.மீ. அளவு.

இங்கேதான் பலர் வியப்படைவர். வண்டியின் சுருள்வில் பெரும்பாலும் இருவர் அமர்ந்து சாமான்களும் ஏற்றிச் செல்வதைக் கருதி அமைக்கப்படுகிறது. 50 கிலோ எடையுள்ள பணியாளர் தனியே அமர்ந்தால் அது 40 மி.மீ.கூட அமிழாமல் இருக்கலாம். அவர்க்கு இருக்கை உயரமாகத் தோன்றுவதற்கு அவருடைய கால்களின் நீளம் மாத்திரம் காரணமன்று. அவருக்கு மிகக் கடினமான வில்லும் காரணமாகும். முன்னழுத்தத்தைக் குறைத்தோ, எடைக்கேற்ற மெல்லிய வில்லை மாற்றியோ அமிழ்வைச் சரிசெய்தால், வண்டியின் வடிவ கணிதம் கெடாமலே 20 மி.மீ. கிடைக்கும், சவாரியும் மென்மையாகும். ஆனால் அமிழ்வு ஏற்கெனவே சரியாக இருக்கும் வண்டியில், உயரம் குறைவதற்காகவே முன்னழுத்தத்தைத் தளர்த்துவது தவறு. அடுத்த பள்ளத்திற்கென இருந்த தூரத்தை முன்கூட்டியே செலவழித்துவிடுவதாக அது முடியும்.

இருக்கையின் உள்ளே இருக்கும் மெத்தையைச் செதுக்குவது அடுத்த எளிய வழி. உயரத்தைவிட அகலத்தைக் குறைப்பதே இதில் அதிகப் பயன் தரும். அகன்ற இருக்கை தொடைகளை விரியச் செய்து காலின் நீளத்தை விழுங்கிவிடுகிறது. தயாரிப்பாளர்களும் இவ்வழியைக் கைக்கொண்டுள்ளனர்: 2023-ல் வெளிவந்த ஹிமாலயன் 450-ல் இருக்கையை 825 அல்லது 845 மி.மீ. உயரத்தில் பொருத்திக்கொள்ளலாம். அடித்தோல் தடித்த பூட்ஸும் 15 மி.மீ.க்குக் குறையாமல் உதவும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பின்புறத்தை மட்டும் தாழ்த்துவது

இவை போதாதபோது பட்டறைகளில் பெரும்பாலும் செய்யப்படுவது பின்புறத்தை மட்டும் தாழ்த்துவதாகும். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் ஷாக் அப்சார்பருக்கும் இடையே சிறு இணைப்புத் தகடுகள் பல வண்டிகளில் உண்டு. அவற்றுக்குப் பதிலாக வேறு நீளமுள்ள தகடுகளைப் பொருத்தினால் வண்டியின் பின்பாகம் 25 முதல் 40 மி.மீ. வரை இறங்கும். செலவும் குறைவு, கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஆனால் கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உள. முதலாவதாக, பின்அச்சு 40 மி.மீ. தாழ்ந்தால் இருக்கையும் 40 மி.மீ. தாழ்வதில்லை. அச்சுகளுக்கிடையே 1,450 மி.மீ. தூரமும், பின்அச்சுக்கு 400 மி.மீ. முன்னால் இருக்கையும் உள்ள வண்டியில் கிடைப்பது 29 மி.மீ. மட்டுமே. இரண்டாவதாக, ஷாக் அப்சார்பரின் நீளம் மாறாததால் சக்கரத்தின் ஏற்றிறக்கம் பெரிதாகக் குறைவதில்லை. அது முழுவதும் மேல்நோக்கி நகர்ந்துவிடுகிறது. எனவே பெரும் பள்ளத்தில் முழுதும் அமுங்கும்போது டயர் மட்கார்டில் உராயலாம். வில்லைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் முழு உயரத்திற்குத் தூக்கிப் பார்த்தாலன்றி இது தெரியவராது. பட்டறைகளில் இதனைச் செய்து பார்ப்பவர் அரியர்.

மூன்றாவது, நெம்புகோல் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு உவப்பான விஷயம். சக்கரம் 3 மி.மீ. உயரும்போது சுருள்வில் 1 மி.மீ. அமுங்குவதாகக் கொள்வோம். சக்கரத்தின் இடத்தில் விசை மூன்றில் ஒரு பங்காகிறது. அதே சமயம் நகரும் தூரம் மூன்று மடங்காகிறது. ஆகவே சக்கரம் உணரும் வில்லின் கடினம் ஒன்பதில் ஒரு பங்கே. தகட்டை மாற்றியதால் இவ்விகிதம் 3.2 ஆனால், 3.2-ஐ 3.2-ஆல் பெருக்க வரும் 10.24-ல் ஒரு பங்காகிவிடும். அதாவது வில்லைத் தொடாமலே அது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மெலிந்துவிட்டது. வண்டி தாழ்ந்தும் போயிற்று, முன்னினும் எளிதாக அமுங்கவும் செய்கிறது. இரண்டும் சேர்ந்து அடிப்பாகத்தைக் கல்லில் மோதச் செய்யும்.

அடிப்பாகத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். சுமையற்ற நிலையில் தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளி உள்ள வண்டி, ஓட்டுபவர் அமர்ந்தவுடன் 60 மி.மீ. அமிழ்ந்து 160 மி.மீ. ஆகிறது. 40 மி.மீ. தாழ்த்தினால் பின்பகுதியில் மிஞ்சுவது 120 மி.மீ. விளிம்பில் நிறுத்திய ஒரு செங்கல்லின் உயரம் நான்கரை அங்குலம், அதாவது 114 மி.மீ. வரப்பைத் தாண்டும்போது இன்ஜினின் அடித்தகடு கல்லில் அமர்ந்துவிட்டால் சக்கரங்களின் மீதுள்ள பாரம் நீங்கிவிடும். அக்கணத்தில் பிரேக்கும் பிடிக்காது, ஹாண்டிலும் திரும்பாது.

முன்சக்கரத்தின் பின்தங்கல்

எல்லாவற்றிலும் முக்கியமானது ஹாண்டிலின் தன்மை மாறுவதாகும். முன்போர்க் செங்குத்தாக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதை யாவரும் கண்டிருப்பர். ஹாண்டில் திரும்பும் அச்சைக் கற்பனையில் நீட்டினால் அது தரையை ஓரிடத்தில் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பின்தங்கல் என்போம். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சிறுசக்கரம் தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்வது இதனால்தான்.

வகுப்பில் ஒரு சாதாரண சைக்கிளைக் கொண்டு இதனைக் காட்டலாம். இருக்கையைப் பிடித்துச் சைக்கிளை ஒருபக்கம் சாய்த்தால் முன்சக்கரம் அப்பக்கமே திரும்பும். முன்னே தள்ளினால் நேராக ஓடும். பின்னே தள்ளினால் ஹாண்டில் முரண்டித் திரும்பிக்கொள்ளும். சைக்கிளின் நிலைப்புக்குப் பின்தங்கல் ஒன்றே காரணம் என்று மாணாக்கர் முடிவு கட்டிவிடவும் கூடாது. பின்தங்கலும் சுழல்விளைவும் இல்லாமலே தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சிறு வாகனத்தை நெதர்லாந்து, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அமைத்துக் காட்டியதை 2011-ல் ‘சயன்ஸ்’ என்னும் சஞ்சிகை வெளியிட்டது. ஆயினும், நாம் ஓட்டும் வண்டிகளின் ஹாண்டில் கைக்கு எவ்வாறு தோன்றுகிறது என்பதைப் பின்தங்கல் பெரிதும் நிர்ணயிக்கிறது.

அளவு காணும் முறை எளிது: சக்கரத்தின் ஆரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்கி, அதிலிருந்து அச்சின் முன்தள்ளலைக் கழித்து, வருவதை அக்கோணத்தின் கோசைனால் வகுக்க வேண்டும். ஆரம் 340 மி.மீ., சாய்வு 27 பாகை, முன்தள்ளல் 45 மி.மீ. எனில் பின்தங்கல் 123 மி.மீ. ஆகும். பின்புறம் மட்டும் 40 மி.மீ. தாழ்ந்தால் வண்டி முழுவதும் 1.6 பாகை பின்னோக்கிச் சாய்கிறது; சாய்வு 28.6 பாகையாகவும் பின்தங்கல் 134 மி.மீ.யாகவும் உயர்கின்றன. நேர்சாலையில் வேகமாகச் செல்லும்போது இது நிதானமாகவே தோன்றும். கெடுதல் ஒன்றுமில்லை என்று ஓட்டுபவர் மகிழ்வார். நடைவேகத்தில்தான் வேறுவிதம். ஹாண்டிலைத் திருப்பும்போது வண்டியின் முன்பாகம் சிறிது தாழ்கிறது. அப்பாரம் ஹாண்டிலை மேலும் திரும்பும்படி இழுக்கிறது. மேற்படி கணக்கில் இவ்விழுப்பு நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு கூடுகிறது. மெதுவாகச் செல்லும்போது விழாதிருப்பதற்காகவே தாழ்த்தப்பட்ட வண்டி, மெதுவாகத் திருப்பும்போது முன்னைவிட எளிதாக உள்நோக்கி விழ முற்படுகிறது.

ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் லோசாரிலிருந்து குன்சும் கணவாய்க்குச் சரளைப் பாதையில் ஏறியபோது இக்கட்டுரையாளர் இதனை நேரில் கண்டார். உடன் வந்த சக பணியாளர் ஐந்தடி ஓரங்குல உயரமுடையவர். தம் வண்டியின் பின்புறத்தை மட்டும் ஒரு பட்டறையில் தாழ்த்தியிருந்தார். சமவெளியில் மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. கொண்டையூசி வளைவுகளில் இருமுறை, நடைவேகத்தில், வளைவின் உட்பக்கமாகவே விழுந்தார். மூன்றாம் முறை வளைவின் வெளிவிளிம்பை நோக்கி வண்டி அகலச் சென்றது. அங்கே தடுப்புச்சுவர் இல்லை. அவர் ஓட்டும் திறமையில் நாங்கள் குறை கண்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். இரவில் தங்குமிடத்தின் அருகே வண்டியின் முகப்பு விளக்கு வீட்டுக் கூரைமேல் ஒளி வீசியதைக் கண்ட பின்னரே வண்டி பின்னோக்கிச் சாய்ந்திருப்பது எங்களுக்கு உறைத்தது.

முன்புறமும் உடன் தாழ்த்துதல்

முன்னும் பின்னும் ஒரே அளவு தாழ்த்தினால் சாய்வுக் கோணமும் பின்தங்கலும் மாறா. போர்க் குழாய்களை அவற்றின் கவ்விகளில் தளர்த்தி மேலே நழுவவிட்டு இறுக்குவது இதற்கு எளிய வழி. ஆயினும் குழாய்கள் முழுதும் அமுங்கும்போது முன்மட்கார்டோ டயரோ கீழ்க்கவ்வியில் இடிக்காமல் இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும்; ஆதலால் 15 அல்லது 20 மி.மீ.க்கு மேல் பல வண்டிகள் இடங்கொடுப்பதில்லை. பின்புறத்தைத் தொடாமல் இதனை மட்டும் செய்வதும் தவறு. முன்புறம் மட்டும் 25 மி.மீ. தாழ்ந்தால் பின்தங்கல் 116 மி.மீ.யாகக் குறையும், ஹாண்டில் இலகுவாகத் திரும்பும், வேகமாகச் செல்லும்போதும் ஆழ்மணலிலும் அலைபாயும்.

அதிகமாகத் தாழ்த்த வேண்டுமெனில் போர்க்கினுள்ளும் ஷாக் அப்சார்பரினுள்ளும் தடைவளையங்களை இட்டு ஏற்றிறக்கத்தையே குறைப்பதுதான் முறையான வேலை. டயர் எங்கும் இடிக்காது. எனினும், 200 மி.மீ.க்குப் பதில் 150 மி.மீ.க்குள் அதே அதிர்ச்சியை ஏற்க வேண்டியிருப்பதால் வில்லும் கடினமாதல் வேண்டும். வில்லில் சேரும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் இருமடிக்கேற்ப அமைவதால், ஏட்டுக் கணக்கின்படி ஏறக்குறைய 1.8 மடங்கு கடினமான வில் தேவைப்படும். ஒரு பகுதியை எண்ணெய்த் தணிப்பு ஏற்றுக்கொள்வதால் நடைமுறையில் அவ்வளவு வேண்டுவதில்லை. எனினும் முதுகு அவ்வேறுபாட்டை அறியும்.

தயாரிப்பாளரே இவ்வேலையைத் திட்டமிட்டதற்கு நல்ல உதாரணம், 1996 முதல் பல வெளிநாடுகளில் விற்பனையான சுசுகி டி.ஆர். 650 எஸ்.ஈ. என்னும் இருபாதை வண்டி. அதன் ஷாக் அப்சார்பரின் அடியில் போல்ட் செலுத்த இரண்டு துளைகள் உள்ளன. போர்க்கினுள் உள்ள தடைவளையத்தையும் இடம் மாற்றி வைக்கலாம். இரண்டையும் ஒருங்கே செய்தால் 885 மி.மீ. உயரமுள்ள இருக்கை ஏறக்குறைய 40 மி.மீ. தாழ்கிறது. ஒன்றைச் செய்து மற்றதை விடுவதற்கு அந்த வண்டியின் வழிகாட்டி நூல் இடந்தருவதில்லை. இதனுடன் குட்டையான பக்க ஸ்டாண்டையும் மாற்றுகின்றனர்.

பக்க ஸ்டாண்டை இங்கே விசேஷமாகக் கூற வேண்டியுள்ளது. வண்டி தாழ்ந்தபின் ஸ்டாண்டு நீளமாகிவிடுவதால் வண்டி ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். காற்றடித்தாலோ பையைத் தொங்கவிட்டாலோ மறுபக்கம் சாய்ந்துவிடும். தாழ்த்திய அளவுக்கேற்ப ஸ்டாண்டை வெட்டிக் குறைக்க வேண்டும். செயினின் தளர்ச்சியும் மாறியிருக்கும். ஆளை அமரச்செய்து அதனைச் சரிபார்க்க. முகப்பு விளக்கையும் மீண்டும் நேராக்க வேண்டும்.

தாழ்ந்த வண்டி எப்போதும் நிலையானது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. நின்ற நிலையில் அது உண்மை. ஓட்டத்தில் அவ்வாறன்று. நீண்ட துடைப்பக் குச்சியை உள்ளங்கையில் நிறுத்துவது எளிது. பென்சிலை நிறுத்துவது கடினம். உயரமானது மெதுவாகச் சாய்வதால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலிற் குறித்தவற்றுக்கு மாறுபடுமாறு வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. தகடு மாற்றுவதும் போர்க்கை நழுவவிடுவதும் அதில் அடங்குமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிக. வண்டி அலுவலகத்துக்குச் சொந்தமெனில் எழுத்து மூலம் அனுமதியும் பெறுதல் வேண்டும்.

மேற்சொன்ன சக பணியாளரின் வண்டிக்குத் திரும்பிவந்தபின் 20 மி.மீ. மட்டும் தாழ்த்தும் தகடுகள் பொருத்தப்பட்டன. போர்க் அதே அளவு நழுவவிடப்பட்டது. இருக்கையின் இரு ஓரங்களும் செதுக்கப்பட்டன. அவருடைய 48 கிலோ எடைக்கேற்ற வில் இடப்பட்டது. இரு கால்களின் முன்பாதங்களும் தரையைத் தொட்டன, குதிகால்கள் தொடவில்லை. அதுவே போதும் என்றார். பழைய தகடுகளையும் பழைய வில்லையும் பெட்டியில் வைத்து, மாற்றுமுன் எடுத்த அளவுகளைப் பயணப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.